அந்தப் பேப்பரை எடுத்துட்டு வாங்க

பணம் கொடுத்து ஒரு முதலீட்டு ஆலோசகரிடம் யோசனை கேட்கப் போனால், எதையாவது வாங்கச் சொல்வார் என்றுதானே நினைப்போம்? நானும் அப்படி நினைத்துத்தான் போனேன். இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, கட்டணத்தையும் கட்டிவிட்டு வெளியே வந்தபோது என் கையில் இருந்தது ஒரே ஒரு ஏ4 தாள். அதில் எழுதியிருந்ததும் நான்தான். 'இதுக்கா இவ்வளவு?' என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். அது 2014. அந்தத் தாள் எதற்கு என்று எனக்கு உறைக்க ஆறு வருடம் ஆனது.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவரிடம் போவதற்கு முன்பே இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டவள் நான்.

முதல் சூடு, வேலைக்குச் சேர்ந்த புதிதில். வீட்டுக்கு வந்துபோகும் அளவுக்குப் பழக்கமான ஒருவர், காப்பீடும் முதலீடும் கலந்த ஒரு பாலிசியை என் தலையில் கட்டினார். "காப்பீடும் ஆச்சு, சேமிப்பும் ஆச்சும்மா. ஒரே கல்லுல ரெண்டு மாங்காய்" என்றார். அண்ணா என்று கூப்பிட்டுப் பழகிய மனிதர். அவரிடம் போய் 'இதில் உங்களுக்கு எவ்வளவு கமிஷன்?' என்று எப்படிக் கேட்பது? காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஆறு வருடம் பிரீமியம் கட்டிய பிறகு, பணம் தேவைப்பட்டு பாலிசியை முடிக்கப் போனபோதுதான் சரண்டர் மதிப்பு, அதாவது பாதியில் முடித்தால் திரும்பக் கிடைக்கும் தொகை, என்ற சொல்லே எனக்குத் தெரியவந்தது. கட்டிய தொகையைவிடக் குறைவாக வந்தது. சரி, காப்பீடாவது ஒழுங்காக இருந்ததா என்று பார்த்தால், எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் குடும்பத்துக்குக் கிடைத்திருக்கக்கூடியது இரண்டு வருடச் சம்பளம்கூட இல்லை. இரண்டு மாங்காயும் விழவில்லை.

அவரைத் திருடன் என்று சொல்ல மாட்டேன். விற்றால் அவருக்குப் பணம், விற்காவிட்டால் இல்லை. அந்த நிலையில் இருப்பவர் 'உனக்கு இது வேண்டாம்மா' என்று சொல்ல வேண்டும் என எதிர்பார்த்தது என் அசட்டுத்தனம். விற்பனையாளரை ஆலோசகர் என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததல்ல என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. பிரிட்டனில் 2012 டிசம்பர் கடைசி நாளிலிருந்து, முதலீட்டு ஆலோசனை சொல்பவர்கள் தாங்கள் சிபாரிசு செய்யும் ஃபண்ட் நிறுவனத்திடமிருந்து கமிஷன் வாங்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் 2013-ல் அதே வழியில் போயின. கூலி ஓரிடத்திலும் விசுவாசம் இன்னோர் இடத்திலும் இருக்காது என்பதைச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது.

இரண்டாவது சூடு, 2009. அதற்குள் நான் கொஞ்சம் படித்திருந்தேன். உலகப் பங்குகளில் முதலீடு செய்யும் ஒரு ஃபண்டில் மாதாமாதம் போட்டுவந்தேன். 2008 முழுக்கச் சந்தை விழுந்துகொண்டே இருந்தது. செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லீமன் பிரதர்ஸ் திவாலான பிறகு செய்தி பார்க்கவே பயமாக இருந்தது. ஒவ்வொரு மாத ஸ்டேட்மென்டிலும் தொகை கரைந்திருக்கும். இனி தாங்காது என்று 2009 பிப்ரவரி கடைசியில் மொத்தமாக விற்றுவிட்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அதை மறைக்க மாட்டேன், உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

சந்தை அடிமட்டத்தைத் தொட்டது மார்ச் 9. நான் விற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

ஆனால் என்னை உண்மையில் கவிழ்த்தது அந்த இரண்டு வாரம் அல்ல. அடுத்த நான்கு வருடம். சந்தை ஏறத் தொடங்கியபோது 'இது சும்மா ஒரு துள்ளல், மறுபடியும் விழும், அப்போது வாங்கலாம்' என்று காத்திருந்தேன். இன்னும் ஏறியபோது 'விட்டதை விட்டாச்சு, இவ்வளவு விலைக்கா வாங்குவது?' என்று காத்திருந்தேன். 2013 மார்ச் வாக்கில், அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனப் பங்குகளைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007-ன் பழைய உச்சத்தையே எட்டிவிட்டது. என் பணம் அப்போதும் டெபாசிட்டில் உட்கார்ந்திருந்தது. விற்க ஒரு நாள் போதும்; திரும்பி உள்ளே வருவதற்குத்தான் தைரியம் வேண்டும். அது என்னிடம் இல்லை.

இந்த அழகில்தான் 2014-ல் அவரைப் பார்க்கப் போனேன். பாலிசி விற்பவர் அல்ல. கட்டணம் மட்டும் வாங்கும் ஆலோசகர். அலுவலகத் தோழி ஒருத்தி சொல்லி அனுப்பினாள். "எங்கிட்ட எதுவும் வாங்க முடியாது மேடம், நான் எதுவும் விக்கறதில்ல" என்பதுதான் அவர் பேசிய முதல் வாக்கியம். ஐம்பதைத் தாண்டிய, நிதானமான மனிதர். நான் ஃபண்டுகளின் பட்டியலை எடுத்துப் போயிருந்தேன். அவர் அதை வாங்கி மேசை ஓரமாக வைத்துவிட்டு, என் கடன்களைப் பற்றிக் கேட்டார்.

கிரெடிட் கார்டில் ஒரு பாக்கி இருந்தது. பெரிய தொகை இல்லை என்பதால் சொல்லாமலே விட்டிருப்பேன். "எந்த ஃபண்டும் இந்த வட்டியை ஜெயிக்காது. முதல்ல இதைக் கட்டிடுங்க, அப்புறம் என்னைப் பார்க்க வந்தா போதும்" என்றார். வேலை போனால் எத்தனை மாதம் தாங்குவீர்கள் என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏழு வாரம். ஆறு மாதச் செலவுக்கான பணம், சந்தைப் பக்கமே போகாத ஒரு கணக்கில் சேரும்வரை பங்கு முதலீட்டைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார். காப்பீட்டைத் தனியாக, முதலீடு கலக்காமல், வெறும் காப்பீடாக மட்டும் எடுக்கச் சொன்னார். பிரீமியம் நான் முன்பு கட்டியதில் சிறு பங்குதான். காப்பீட்டுத் தொகையோ பல மடங்கு.

அதற்குப் பிறகு நாமினி. எல்லாக் கணக்குக் காகிதங்களையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றாகப் புரட்டியவர் ஒன்றில் நிறுத்தி, "இது யாரு மேடம்?" என்று விரலை வைத்துக் காட்டினார். என் அப்பாவின் பெயர். அப்பா போய் அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கணக்கை அவர்தான் என் கூடவே வந்து திறந்துகொடுத்தார். படிவத்தை நிரப்பியதும் அவர் கையெழுத்தில்தான். நான் கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலோசகர் எதுவும் பேசாமல் தண்ணீர் எடுத்து வைத்தார். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால், இறந்துபோன ஒருவரின் பெயரில் நிற்கும் அந்தப் பணத்துக்காக என் கணவர் எத்தனை படிகள் ஏறி இறங்கியிருப்பாரோ. பல வருடம் முதலீட்டுக் கட்டுரைகள் படித்திருக்கிறேன். நாமினி பெயரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

கடைசியில்தான் அந்தத் தாள். வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். "2009-ல என்ன பண்ணீங்கன்னு சொன்னீங்க இல்ல? அது மறுபடியும் வரும். எப்பன்னு எனக்குத் தெரியாது, ஆனா வரும். அப்போ என்ன பண்ணுவீங்கன்னு இப்பவே எழுதுங்க" என்றார். அவர் கேள்வி கேட்கக் கேட்க நான் எழுதினேன். இந்தப் பணம் எதற்கு? ஓய்வுக் காலத்துக்கு. எப்போது வேண்டும்? 2032-க்குப் பிறகு. பங்குச் சந்தையில் எத்தனை சதவீதம், கடன் பத்திரத்தில் எத்தனை? 60, 40. இந்த விகிதம் ஐந்து புள்ளிக்கு மேல் விலகினால் என்ன செய்வேன்? பழைய விகிதத்துக்குக் கொண்டுவருவேன். சந்தை 30 சதவீதம் விழுந்தால்? விற்க மாட்டேன். 50 சதவீதம் விழுந்தால்? விற்க மாட்டேன். ஐம்பது என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. அதை அவர் கவனித்தார். "அந்த இடத்துல நின்னீங்க பாருங்க, அதனாலதான் 60. நிக்காம எழுதியிருந்தா 75 சொல்லியிருப்பேன்" என்றார்.

எந்த ஃபண்ட் என்பதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். உலகப் பங்குகளுக்கு ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட் (பங்குகளைப் பொறுக்கி எடுக்காமல், ஒரு குறியீட்டில் இருப்பதை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்ட்), கடன் பத்திரத்துக்கு ஒன்று. அவ்வளவுதான். இதற்கா கட்டணம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த எரிச்சலை இரண்டாவது சந்திப்பில் நேராகவே கேட்டுவிட்டேன். "இண்டெக்ஸ் ஃபண்டே போதும்னா, நீங்க எதுக்கு சார்?" அவர் கோபப்படவில்லை. ஒரு கால்குலேட்டரை எடுத்தார். வருடம் 7 சதவீதம் வளரும் முதலீட்டில் 100 போட்டால் 30 வருடத்தில் 761 ஆகும். அதிலிருந்து வருடம் 1 சதவீதம் செலவாகப் போனால், அதாவது 6 சதவீதம்தான் கைக்கு வந்தால், 574. இரண்டு சதவீதம் போனால் 432. "ஒரு சதவீதம்தானேன்னு சொல்வாங்க. முடிவுல கால் பங்கு போயிடுது. ரெண்டு போனா கிட்டத்தட்ட பாதி" என்றார். தன் கட்டணத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று அவரே சொன்னார். அவர் வாங்குவது முதலீட்டில் சதவீதமாக அல்ல, வருடத்துக்கு ஒரு நிலையான தொகை. இருந்தாலும் செலவு செலவுதான். முதலீடு மிகச் சிறியதாக இருப்பவர்களிடம் 'வருடா வருடம் வர வேண்டாம், ஒரே ஒரு தடவை திட்டம் போட்டுக்கொண்டு போங்கள்' என்றுதான் சொல்வாராம்.

"ஃபண்ட் வாங்கறதுக்கு நான் வேண்டாம்" என்றார். "நீங்க கொண்டுவந்த காகிதத்தை எல்லாம் உட்கார்ந்து பார்க்க ஒருத்தர் வேணும். அப்புறம் சந்தை விழுந்தா போன் பண்ண ஒருத்தர் வேணும்."

அப்போது அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் ஒரு பந்தயம் கட்டியிருந்தது செய்திகளில் அவ்வப்போது அடிபடும். 2008 தொடங்கிப் பத்து வருடத்துக்கு, சாதாரண எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் ஃபண்ட் ஒரு பக்கம். கெட்டிக்காரர்கள் பொறுக்கி எடுத்த ஹெட்ஜ் ஃபண்டுகளின் (பெரும் பணக்காரர்களும் நிறுவனங்களும் போடும், கட்டணம் அதிகமான ஃபண்டுகள்) ஐந்து தொகுப்புகள் இன்னொரு பக்கம். 2017 முடிவில் இண்டெக்ஸ் ஃபண்ட் மொத்தம் 125.8 சதவீதம் ஏறியிருந்தது. ஐந்தில் சிறந்ததே 87.7 சதவீதம்தான். இதை எல்லோரும் சொல்வார்கள். பலர் சொல்லாமல் விடுவது முதல் வருடத்துக் கதையை. 2008-ல் இண்டெக்ஸ் ஃபண்ட் 37 சதவீதம் விழுந்தது. எதிர்ப்பக்கத்து ஐந்துமே அதைவிடக் குறைவாகத்தான் விழுந்தன. அந்த வருட முடிவில் யாராவது கணக்கை முடித்திருந்தால் பஃபெட் தோற்றவர். எதை வாங்கினோம் என்பதைவிட அந்த முதல் வருடத்தைத் தாண்டினோமா என்பதுதான் விஷயம். 2009-ல் நான் தாண்டவில்லையே.

நீண்ட காலம் வைத்திருந்தால் போதும், தானாக ஏறிவிடும் என்று நானும் ஒரு கட்டத்தில் பேச ஆரம்பித்தேன். புது மதம் மாறியவளின் வேகம். சார்தான் தலையில் தட்டினார். ஜப்பானின் நிக்கெய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915-ல் முடிந்தது. அந்த அளவைத் திரும்பத் தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு வருடம்! அவர் இதைச் சொன்னபோது அது இன்னும் தாண்டியிருக்கவில்லை. அன்று உச்சத்தில் தன் மொத்தச் சேமிப்பையும் அந்த ஒரே நாட்டுப் பங்குகளில் போட்ட முப்பது வயதுக்காரர், நிறுவனங்கள் தரும் லாபப் பங்கான டிவிடெண்ட் ஏதோ வந்திருக்கும் என்றாலும், ஓய்வுபெறும் வயதுவரை பழைய எண்ணைப் பார்க்கவே இல்லை. அவரும் நீண்ட கால முதலீட்டாளர்தான். அதனால்தான் என் ஃபண்ட் எந்த ஒரு நாட்டோடும் நிற்காமல் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. சொந்த நாட்டுச் சந்தைதான் நமக்குத் தெரியும், மற்றது எதற்கு என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

சரி, 2020-க்கு வருகிறேன்.

என் தம்பிக்குச் சந்தை என்றால் உயிர். தினமும் அதிலேயே கிடப்பான். மார்ச் 16 திங்கட்கிழமை, எஸ் அண்ட் பி 500 ஒரே நாளில் கிட்டத்தட்ட 12 சதவீதம் விழுந்தது. 1987 அக்டோபருக்குப் பிறகு அவ்வளவு பெரிய ஒருநாள் வீழ்ச்சி கிடையாது. அடுத்த நாள் காலையிலேயே தம்பி கூப்பிட்டான். "அக்கா, இன்னுமா வெளிய வரல? நான் போன வாரமே எல்லாத்தையும் வித்துட்டேன். இது 2008 மாதிரி இல்ல, உலகமே மூடப்போகுது. இருக்கறதையாவது காப்பாத்திக்கோ." அவன் சொன்னது பொய்யும் இல்லை. உலகம் உண்மையிலேயே மூடிக்கொண்டிருந்தது.

செயலியைத் திறந்தேன். ஒரு மாதத்துக்கு முன் பார்த்த தொகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எத்தனை வருடச் சேமிப்பு ஆவியாகியிருக்கிறது என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. பங்கு ஃபண்டைத் தொட்டேன். விற்பனை. முழுவதும். உறுதிசெய்ய ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. போன் அதிர்ந்தது, ஆறு இலக்க எண் வந்தது. முதல் மூன்று இலக்கத்தை அடித்தும்விட்டேன். அப்போது ஒரு யோசனை: இத்தனை வருடம் அவருக்குக் கட்டணம் கட்டியிருக்கிறேனே, ஒரு வார்த்தை சொல்லிவிட்டாவது விற்போம். சொல்வதற்குத்தான் கூப்பிட்டேன், கேட்பதற்கு அல்ல.

"சார், நான் வித்துடறேன்."

"சரிங்க. அந்தப் பேப்பர் எங்க இருக்கு?"

எந்தப் பேப்பர் என்று எனக்குப் பிடிபடவே சில விநாடி ஆனது. "அலமாரில இருக்கும் சார்."

"அந்தப் பேப்பரை எடுத்துட்டு வாங்க. நான் லைன்ல இருக்கேன்."

பழைய பில்களுக்கும் பிள்ளையின் மார்க் ஷீட்டுக்கும் நடுவில் கிடந்தது. மடிப்பு இருந்த இடத்தில் எழுத்து தேய்ந்திருந்தது. சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். 2032-க்குப் பிறகு. 30 சதவீதம் விழுந்தால் விற்க மாட்டேன். என் கையெழுத்துதான், ஆனால் யாரோ இன்னொருத்தி எழுதியது மாதிரி இருந்தது. என்னைவிட நிதானமான ஒருத்தி.

"உங்க பணம் மேடம், விக்கலாம். நான் தடுக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு. மறுபடியும் எப்போ வாங்குவீங்கன்னு அதே பேப்பர்ல, அடியில எழுதிட்டு வித்துடுங்க. தேதி எழுதினாலும் சரி, இந்த விலை வந்தா வாங்குவேன்னு எழுதினாலும் சரி."

பேனாவை எடுத்தேன். இன்னும் பத்து சதவீதம் விழுந்தால்? அப்போது இதைவிடப் பயமாக இருக்குமே, வாங்குவேனா? நோய் அடங்கிய பிறகு? அடங்கியது என்று எனக்கு யார் சொல்வார்கள், அதற்குள் விலை எங்கே இருக்கும்? பேனா முனையைத் தாளில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். மை ஊறி அந்த இடத்தில் ஒரு நீலப் பொட்டு விழுந்தது. இன்றைக்கும் அந்தத் தாளில் அது இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை.

ஓடிபி காலாவதியாகிவிட்டது.

அவர் அத்தோடு விடவில்லை. தாளில் இன்னொரு வரி இருந்ததே, விகிதம் ஐந்து புள்ளிக்கு மேல் விலகினால் என்று. பங்குகள் விழுந்ததால் என் 60:40 ஏறக்குறைய 51:49 ஆகியிருந்தது. எழுதியபடி செய்வதென்றால், கடன் பத்திர ஃபண்டில் கொஞ்சம் விற்றுப் பங்கு ஃபண்டில் போட வேண்டும். எரிகிற வீட்டுக்குள் சாமான் வாங்கி அடுக்குவது போல இருந்தது. மூன்று தவணையாகப் பிரித்து, வாரம் ஒன்றாகச் செய்தேன். விற்கப் போனவள் வாங்கிவிட்டு வந்தேன். கணவரிடம் சொன்னபோது "உனக்கென்ன பைத்தியமா?" என்றார். தம்பியிடம் நான் சொல்லவே இல்லை.

மார்ச் 23-ல் சந்தை அடிமட்டம் தொட்டது. பிப்ரவரி உச்சத்திலிருந்து சுமார் 34 சதவீதம் கீழே. ஆகஸ்டிலேயே எஸ் அண்ட் பி 500 பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. இதைப் படிப்பவர்கள் 'விழுந்தால் ஐந்தே மாதத்தில் எழுந்துவிடும்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2007-க்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் பிடித்தது, ஜப்பான் கதையையும் சொன்னேன். ஐந்து வருடம் பிடித்திருந்தாலும் நான் எடுத்த முடிவு சரியானதுதான், ஏனென்றால் அந்தப் பணம் எனக்கு 2032 வரை வேண்டாம். அடுத்த இரண்டு வருடத்தில் வேண்டிய பணம் பங்கில் இருந்திருந்தால், அன்று எந்தத் தாளும் என்னைக் காப்பாற்றியிருக்காது. அதனால்தான் முதல் நாளே ஆறு மாதச் செலவைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார் என்பது அப்போதுதான் புரிந்தது. வீட்டுச் செலவுக்குப் பணம் கையில் இருந்ததால்தான் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசிக்க முடிந்தது.

தம்பி? போன வாரமே விற்றுவிட்டேன் என்றானே, நல்ல விலைக்குத்தான் விற்றிருந்தான். என்னைவிடக் கெட்டிக்காரன். ஆனால் நான் 2009-க்குப் பிறகு செய்த அதே தப்பைச் செய்தான்: 'இன்னொரு தடவை விழட்டும்' என்று காத்திருந்தான். 2021 நடுவில், தான் விற்றதைவிட அதிக விலைக்கு வாங்கினான். கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. அந்த நான்கு வருடத்தை வாழ்ந்தவள் நான்.

சாரைத் தெய்வமாக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவரும் தவறியிருக்கிறார். பங்கு விழும்போது கடன் பத்திரம் தாங்கிப் பிடிக்கும் என்றுதான் எனக்குப் பாடம் எடுத்தார். 2022-ல் வட்டி விகிதங்கள் வேகமாக ஏற, இரண்டும் சேர்ந்தே விழுந்தன. அமெரிக்காவில் அந்த வருடம் எஸ் அண்ட் பி 500 டிவிடெண்டையும் சேர்த்துச் சுமார் 18 சதவீத நஷ்டம். முக்கியமான கடன் பத்திரக் குறியீடு சுமார் 13 சதவீத நஷ்டம். பாதுகாப்பு என்று நினைத்து வைத்த 40-ம் அடி வாங்கியது. வருடாந்திரச் சந்திப்பில் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். "தாங்கும்னு சொன்னேன், தாங்கல. நீண்ட காலப் பத்திரங்களைக் குறைச்சு குறுகிய காலப் பத்திரங்களா வச்சிருக்கலாம். அதை நான் சொல்லியிருக்கணும்" என்றார். சப்பைக்கட்டு கட்டவில்லை. பிறகு அதை மாற்றியும் கொடுத்தார். அந்தப் பதிலால் என் நம்பிக்கை குறையவில்லை. எல்லாம் தெரிந்த மாதிரி பேசியிருந்தால்தான் பயந்திருப்பேன்.

நம்பிக்கை என்று சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் 'நல்ல ஆலோசகர் இருந்தால் சொல்லுங்க' என்று கேட்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை. என் பணம் ஒரு நாளும் அவர் கணக்கு வழியாகப் போனதில்லை. அவர் சொல்வார், நான் என் கணக்கிலிருந்து செய்வேன். ஸ்டேட்மென்ட் ஃபண்ட் நிறுவனத்திடமிருந்து நேராக எனக்கு வரும். அமெரிக்காவில் பெரும் முதலீட்டு மோசடி செய்த பெர்னார்ட் மேடாஃப் விஷயத்தில் இதுதான் தலைகீழாக இருந்தது. பணமும் அவரிடம், கணக்குக் காட்டுவதும் அவர். சந்தை எப்படி ஆடினாலும் மாதாமாதம் சீராக லாபம் வந்ததாகக் காகிதம் வரும். அந்தக் காகிதத்தை அச்சடித்ததே அவருடைய அலுவலகம். 2008 டிசம்பரில் பிடிபட்டபோது, இருப்பதாகக் காட்டப்பட்ட சுமார் 65 பில்லியன் டாலரில் பெரும்பகுதி காகிதத்தில் மட்டுமே இருந்தது. 150 வருடச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். அவரிடம் பணம் போட்டவர்களில் படித்தவர்கள், நிறுவனங்கள், அறக்கட்டளைகள் எல்லாம் இருந்தன. அவர்கள் முட்டாள்கள் அல்ல. தெரிந்தவர் சொன்னார், இன்னொரு தெரிந்தவரும் போட்டிருக்கிறார் என்று போட்டவர்கள். என் பாலிசிக் கதையும் அதே ரகம்தான், அளவுதான் வேறு.

ஆகவே யாரிடம் போனாலும் நான் கேட்கச் சொல்வது இவைதான். உங்களுக்குப் பணம் தருவது யார், நான் மட்டுமா, வேறு யாராவதுமா? கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவு செய்திருக்கிறீர்களா, பதிவு எண் என்ன? எண்ணை வாங்கிக்கொண்டு அந்த அமைப்பின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். அவர் காட்டும் சான்றிதழை வைத்து முடிவு செய்யாதீர்கள். என் பணம் யார் பெயரில் இருக்கும்? இவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் பதில் சுற்றி வளைத்து வந்தால், அவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் எழுந்து வந்துவிடலாம். உறுதியான லாபம் என்று ஒருவர் வாயைத் திறந்தால் இந்தக் கேள்விகளைக் கேட்கவும் வேண்டாம். இன்னொன்று, முதல் சந்திப்பில் யார் அதிகம் பேசுகிறார்கள் என்று பாருங்கள். என்னைப் பாலிசியில் மாட்டிவிட்டவர் ஒரு மணி நேரம் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இவரிடம் நான் பேசினேன், அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் வருடா வருடம் ஆலோசகர் தேவை என்று நான் நினைக்கவில்லை. கடன் இல்லாமல், காப்பீட்டைச் சரியாக வைத்துக்கொண்டு, குறைந்த செலவு ஃபண்டில் மாதாமாதம் போட்டுவிட்டு, சந்தைச் செய்தி பார்க்காமல் வேலையைப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். என் தோழியின் அக்கா ஒருவர் அப்படி. அவருக்கு எதற்குக் கட்டணம்? நான் அந்த ரகம் இல்லை. பயம் வந்தால் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கை துறுதுறுக்கும். 2009-ல் விற்று, நான்கு வருடம் வெளியே நின்றதில் நான் இழந்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். இன்றுவரை சாருக்குக் கட்டிய மொத்தக் கட்டணத்தைப் போல அது பல மடங்கு.

கடைசியாக 2025 ஏப்ரல். அமெரிக்கா இறக்குமதி வரிகளை அறிவித்த மறுநாளும் அதற்கடுத்த நாளும், இரண்டே நாளில் எஸ் அண்ட் பி 500 பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. தம்பி கூப்பிட்டான். இந்த முறை அவன் விற்கச் சொல்லவில்லை; "உன் பேப்பர்ல இதுக்கு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டான். படித்துக் காட்டினேன். விகிதத்தைப் பார்த்தேன், ஐந்து புள்ளி விலகவில்லை. தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

அடுத்த வாரம் சாரே கூப்பிட்டார். "என்ன மேடம், இந்தத் தடவை உங்க போனே வரலையே?"

"பேப்பரைப் பார்த்துக்கிட்டேன் சார்."

"அப்போ அடுத்த வருஷம் கட்டணத்தைக் குறைக்கச் சொல்வீங்க போல" என்று சிரித்தார்.

கேட்டும் பார்த்தேன். குறைக்கவில்லை.